அட்ஜஸ்ட் பண்ணத் தெரிந்த பெண்

அண்ணாச்சி, என் தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுத்தது நீங்கள்தான்.

இதை உங்கள் கடை வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "உக்காருல, டீ குடி" என்றீர்கள். நானும் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். தாளுக்கு டீ வாங்கிக் கொடுக்க உங்களால் முடியாது. எனக்கு நயமாக எழுத வராது. நம் லைன் பாயின் பட்டறையில் தோல்பை தைக்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. மனதில் இருப்பதும் தெளிவாக இல்லை. உங்களை நல்லவர் என்பதா கெட்டவர் என்பதா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உங்களைத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் லைன் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடுகிற அகலம். இருபக்கமும் ஒற்றை ரூம்கள். இருப்பதெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், கடைசியில் பாய் வீடும் அவர் பட்டறையும். லைனுக்கு ஒரு கமிட்டி உண்டு. குழாய்ச் சண்டை, கக்கூஸ் வரிசைச் சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் போலீஸ் வரைக்கும் போகாமல் அங்கேயே தீரும். அந்தக் கமிட்டிக்குத் தலைவர் நீங்கள். யார் வந்தாலும் உங்கள் தீர்ப்பு ஒன்றுதான். இரண்டு தரப்பையும் கடைசிவரை கேட்பீர்கள். துண்டை உதறித் தோளில் போடுவீர்கள். "சரி, அட்ஜஸ்ட் பண்ணிப் போங்க" என்பீர்கள். கூட்டம் கலைந்துவிடும்.

அந்தச் சொல் உங்களுடையது மட்டுமில்லை, அது எனக்குத் தெரியும். பம்பாயில் இறங்கியதும் எங்கள் அம்மா கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகைக்கு நாலாவதாக ஒருவன் வந்து நிற்பான். கையால் ஒரு தள்ளல் காட்டுவான். "தோடா அட்ஜஸ்ட்", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு என்பான். மூன்று பேரும் ஒடுங்குவார்கள். அவன் பாதி உடம்பைப் பலகையிலும் பாதியை அந்தரத்திலும் வைத்துக்கொண்டு செம்பூர் வரை போவான். மாதுங்கா மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துபோனால் பரிமாறுகிறவர், "இன்னிக்கு ரசத்தோட அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கோ" என்பார். கடைக்காரன் சில்லறைக்குப் பதில் சாக்லேட்டைக் கையில் திணித்துவிட்டு அதையே சொல்வான். தையல்காரன் தோள் இறுக்கமாகத் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு, போடப் போட அட்ஜஸ்ட் ஆகிவிடும் என்பான். சட்டை எனக்கு அட்ஜஸ்ட் ஆகுமா, நான் சட்டைக்கு அட்ஜஸ்ட் ஆக வேண்டுமா என்று கேட்டேன். அவன் அடுத்த ஆளுக்கு அளவெடுக்கப் போய்விட்டான்.

நமக்கு இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. விட்டுக்கொடு என்று சொல்லலாம். பொறுத்துக்கொள் என்று சொல்லலாம். ஒதுங்கு, ஒத்துப்போ, சகித்துக்கொள் என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் விட்டுக்கொடு என்று ஒருவரிடம் சொன்னால், அவரிடம் ஏதோ இருந்தது, அதை அவர் கொடுத்தார் என்று ஒப்புக்கொண்டதாகிறது. பொறுத்துக்கொள் என்றால் வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிறது. அட்ஜஸ்ட் பண்ணு என்றால் யாருக்கும் எதுவும் போகவில்லை, யாருக்கும் வலிக்கவில்லை. ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பின மாதிரி. பம்பாய்த் தமிழர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டோம் என்று யோசித்தால் இவ்வளவுதான் என் மூளைக்கு எட்டுகிறது. இது சரியா என்றும் தெரியவில்லை.

ஏனென்றால், இந்தச் சொல் இல்லாவிட்டால் நாங்களே இல்லை. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது தங்க இடமில்லை. பேசி வைத்திருந்த ரூமை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மழைக்காலம். அம்மா, நான், கைப்பிள்ளையாகத் தங்கச்சி. நீங்கள் உங்கள் ரூமில் பாதியைக் கயிறு கட்டிச் சேலை போட்டு எங்களுக்கு விட்டீர்கள். உங்களுக்கும் அப்போது கைப்பிள்ளை. உங்கள் வீட்டம்மா முகம் சுளிக்கவில்லை. அப்பா தயங்கியபோது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்யா, நாங்க வந்தப்ப எங்களுக்கும் ஒருத்தன் பண்ணினான்" என்றீர்கள். மழை முடிந்து எங்களுக்கு ஒரு ரூம் கிடைக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதையும் எழுதாமல் உங்களைக் குற்றம் சொன்னால் நான் மனுஷன் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அக்கம்பக்கத்து ரூம்கள் கல்யாண வீட்டுக்குச் சொந்தம். ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே படுக்க வைப்பது? எங்கே சமைப்பது? அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு, சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள். யாரும் கேட்பதுமில்லை, யாரும் மறுப்பதுமில்லை. உங்கள் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ரூமும் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் சேலை மறைப்புக்குள் இருந்தவர்கள் நாங்கள்.

ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை காட்கோபரிலிருந்து தங்கச்சியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனுக்கு நல்ல வேலை, இரண்டு ரூம் வீடு. நான் முன்கூட்டியே உங்களிடம் வந்து சொன்னேன். அவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். "எதுக்குல தள்ளிப் போடுத? அங்க கல்யாணம், இங்க பொண்ணு பாக்குறது. ரெண்டும் நல்ல காரியம். ஒரு ஓரமா அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்" என்றீர்கள். சரி என்று வந்துவிட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் ரூமைக் காலி செய்து தருவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தபோது எங்கள் ரூமில் உங்கள் ஊர்க்காரப் பெண்கள் ஐந்தாறு பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் வாழையிலைக் கட்டு. யாருடைய குழந்தையோ அம்மாவின் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களின் கண்ணெல்லாம் எரிந்தது. எனக்கு வெட்கத்தில் எரிந்தது. தங்கச்சி பாய் வீட்டில் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, லைன் முழுக்க நின்ற கல்யாணக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்தாள். உட்கார இடமில்லை. பாத்திரம் கழுவுகிற மோரிக்குப் பக்கத்தில் நின்றாள். வெங்காயம் உரித்த ஒரு அம்மாள் அவளைக் கல்யாண வீட்டு வேலைக்காரி என்று நினைத்து, "ஏட்டி, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றாள். தங்கச்சி தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பையனுடைய அப்பாவுக்குக் கால் மடக்க முடியவில்லை என்று பார்த்து, வாழையிலைக் கட்டைத் தானே தூக்கி வெளியே வைத்தாள். தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. அதை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் யாரோ பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பட்டுச் சேலையில் அது மூக்கைத் துடைத்தது.

சம்பந்தம் போயிற்று என்று நான் நினைத்தேன். பையனுடைய அம்மா அதுவரை பேசவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் அம்மாவிடம் சொன்னாள்:

"எங்களுக்குப் பவுன் பெருசில்ல. எங்க வீட்ல ஆளு ஜாஸ்தி. அட்ஜஸ்ட் பண்ணத் தெரிஞ்ச பொண்ணா வேணும்னு பாத்துட்டு இருந்தோம். இந்தப் பொண்ணு எந்த வீட்லயும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவா."

சரியாக அந்த நேரத்தில் நீங்கள் புதுச் சட்டையும் சந்தனமுமாக உள்ளே வந்தீர்கள். வந்தவர்களைக் கும்பிட்டீர்கள். உங்கள் வாயால் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க லைன்லயே இவளை மாதிரி கிடையாது. என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. நான் கேரண்டி."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அப்பா இல்லாத வீடு, பெரிய மனுஷன் ஒருவர் வந்து நம் பெண்ணைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லுகிறார். எது நல்ல வார்த்தை என்று அப்போது யார் யோசித்தது?

தங்கச்சி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் மாதுங்காவில் ஒரு கடையில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற வேலை பார்த்தாள். அந்தக் கடையில் காலர் வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டுச் சொல்லண்ணே என்றாள். நான் காட்கோபர் போய்க் கேட்டேன். மாமியார், அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்து சொன்னேன். தங்கச்சி சிரித்தாள். கல்யாணம் முடிந்து முதல் மாதத்திலேயே வேலை நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் யாரும் நிறுத்தவில்லை. காலையில் எட்டுப் பேருக்கு டிபன் டப்பா கட்டி முடிக்கும்போது கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

நான் மாதத்துக்கு ஒருமுறை காட்கோபர் போவேன். நல்ல வீடு. ஃபேன் உண்டு. டி.வி. உண்டு. எல்லோரும் உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்கள், தங்கச்சி நின்றுகொண்டு பார்ப்பாள். நாற்காலி காலியாக இருக்கும். உட்காரேன் என்பேன். இருக்கட்டும் என்பாள். எப்படி இருக்கிறாய் என்று வாசல்வரை வந்து கேட்டால், "அட்ஜஸ்ட் ஆயிட்டுண்ணே" என்பாள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக ரயிலேறி வந்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கே சந்தேகம். அவள் என்னிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாளா, காப்பாற்று என்று சொன்னாளா?

அடுத்த வருஷம் அவர்கள் சமையலறையை இரண்டு ஆபீஸ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். பகலில் சமையல், ராத்திரி அவர்கள் படுக்கை. அதுவரை அந்தச் சமையலறைதான் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் படுக்கிற இடம். இனி எங்கே? வீட்டுக்கு வெளியே, எல்லா வீட்டுக்காரர்களும் நடக்கிற பொது வராந்தாவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக் கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்த பெண் வருகிறவன் போகிறவன் செருப்புச் சத்தத்துக்கு நடுவில் படுத்தாள். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. அவனும் வராந்தாவில்தான் படுத்தான். அம்மாவிடம் பேசுகிற தைரியம் மட்டும் அவனுக்குக் கிடையாது. அண்ணாச்சி, சேலைதான். நீங்கள் எங்களுக்குக் கட்டியதும் சேலைதான். உங்கள் சேலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள். அவர்கள் சேலைக்கு அந்தப் பக்கம் யாரும் ஒடுங்கிப் படுக்கவில்லை. இதை யோசித்து யோசித்து இரண்டு பை தையல் கோணிப்போய் பாயிடம் திட்டு வாங்கினேன்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சயான் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கூட்டிப் போக வந்தார்கள். தங்கச்சி பையைக் கட்டவில்லை. சமையலறையை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள், வருகிறேன் என்றாள். பிள்ளையை வைத்துக்கொண்டு வராந்தாவில் படுக்க மாட்டேன் என்றாள். அவள் மறுத்துப் பேசி அன்றுதான் நானே முதல்முதலாகக் கேட்டேன். மாமியார் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். வாங்கின மிக்ஸி ஓடவில்லை என்று கடைக்காரனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அவர்கள் நேராக உங்களிடம் வந்தார்கள். கேரண்டி கொடுத்தவர் நீங்கள்தானே.

கமிட்டி கூடியது. அந்தப் பக்கம் மாமியாரும் மாப்பிள்ளையும். இந்தப் பக்கம் நான், அம்மா, மடியில் பிள்ளையோடு தங்கச்சி. பாயும் வந்திருந்தார். மாமியார், வாடகைக்கு வந்த பையன்களைத் திடீரென்று போகச் சொல்ல முடியாது, தன் மகள் கல்யாணம்வரை அந்தப் பணம் வேண்டும் என்றாள். எத்தனை குடும்பம் ரோட்டில் படுக்கிறது, இவளுக்கு வராந்தா கசக்கிறதா என்றாள். பாய் மட்டும், பச்சைப் பிள்ளைக்குக் காற்றும் மழையும் ஆகாதே என்றார். மாமியார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டீர்கள். துண்டை உதறினீர்கள்.

"இந்தப் புள்ள முகத்துக்காவது அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்றீர்கள்.

தங்கச்சி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"போறேன் அண்ணாச்சி. நீங்க சொன்னா போறேன். எதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணணும்னு மட்டும் சொல்லிருங்க. வேலையை விட்டேன். அடுக்களையை விட்டேன். வராந்தாவுல படுத்தேன். நாளைக்கு அதையும் கேட்டா என்ன பண்ண? படிக்கட்டுல படுக்கவா? இதுக்கு மேல வேண்டாம், திரும்பி வந்துருன்னு ஒரு இடத்தைச் சொல்லுங்க. அங்க வரைக்கும் போயிட்டு வாறேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் பதில் இருக்கும் என்று சத்தியமாக நம்பினேன். எத்தனை வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள், அதன் எல்லை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "பொம்பளப் புள்ள பேச ஆரம்பிச்சா இப்படித்தான். இன்னொரு நாள் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

அந்த இன்னொரு நாள் வராமலே மழைக்காலம் முடிந்துவிட்டது. தங்கச்சி எங்களோடுதான் இருக்கிறாள். மாதுங்காக் கடையில் காலர் வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து தைக்கிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பேசாமல் போவான். குழாயடியில் பெண்கள், அண்ணாச்சி வார்த்தையைக் காற்றில் விட்ட குடும்பம் என்று எங்களைப் பேசுகிறார்கள். நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவும் இப்போது இரண்டாகப் பேசுகிறாள். காலையில் போக வேண்டாம் என்கிறாள், சாயங்காலம் போய்த்தான் பாரேன் என்கிறாள். எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள், வாழாத தங்கச்சி இருக்கிற வீடு என்று திரும்பிப் போனார்கள். அதற்காக நான் அவளைப் போகச் சொல்வேனா என்று அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதை வைத்துச் சொல்ல மாட்டேன் என்று கேட்டால் என்னிடமும் பதிலில்லை. எங்கள் நாலு பேரை உங்கள் ரூமில் வைத்திருந்த வார்த்தையும் அதுதான், அவளை வராந்தாவில் படுக்க வைத்த வார்த்தையும் அதுதான். எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறிற்று என்று நான் எவ்வளவு யோசித்தாலும் விளங்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது என்று ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். காட்கோபர்க்காரர்களும் வருகிறார்களாம், அன்றே அவளை அனுப்பி வைத்துவிட வேண்டும் என்று முடிவாம். வருகிறோம். தங்கச்சியும் வருவாள், பிள்ளையும் வரும். குழாய்த் தண்ணீர் விஷயத்தையும் கக்கூஸ் விஷயத்தையும் எடுப்பதற்கு முன்னால், லைன் ஜனம் அத்தனை பேரும் நிற்கும்போது, உட்காராமல், டீ சொல்லாமல், அவள் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எதுவரைக்கும், அண்ணாச்சி? இடத்தைச் சொல்லுங்கள். தெரியாது என்றால், தெரியாது என்று அந்த வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.